வெளியே திறக்கும் கதவுகள்

வேனுக்குள் குடியிருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் வீட்டுக்காரர், ஒரு செவலை நாய், ஒரு பூனை, அது டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்ட மூன்று குட்டிகள். இரண்டு வெள்ளாடுகளைப் பின் பம்பரில் கட்டியிருந்தோம். மழை தூறினால் அவையும் படியேறி உள்ளே வந்துவிடும். அப்புறம் யார் குடியிருப்பவர், யார் விருந்தாளி என்று சொல்ல முடியாது.

ஒன்பது மாதம் அப்படி இருந்தோம். வேனுக்கு நாற்பதடி தள்ளி ஒரே ஒரு அறை உள்ள வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணம் பண்ணிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இதுதான்.

அது கம்பெனி வேன். வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் விடியற்காலை பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விடும். என் வீட்டுக்காரர்தான் டிரைவர். நாய் அவருக்கு இடது பக்கம் இஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து போகும். பொம்பளைகள் தூக்குவாளியைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் அதற்குக் கொடுப்பார்கள். நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் தாள் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். என்னைவிட நாய்தான் நல்ல சாப்பாடு சாப்பிட்டது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஓர் ஆவணி மாதம், காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கிழக்குக் கதவு வழியாக ஓடி வெளியே வந்துவிட்டார்கள். மேற்குப் பக்கம் ஓடிய இரண்டு பேர் வரவில்லை. இரண்டு பேருமே என் வீட்டுக்காரர் அன்று காலை ஏற்றிக்கொண்டு போனவர்கள். ஒருத்தி டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். இன்னொருத்தி ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டே வருவாள். சாயங்காலம் அவர் வேனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்த இரண்டு சீட்டும் காலியாக இருந்தன. மற்றவர்கள் நின்றுகொண்டே வந்தார்களாம். யாரும் அதில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து அவர் கூரைக்குக் கீழே படுக்கவில்லை. நாரணாபுரத்தில் வாடகை வீடு. ஓர் அறை, ஒரு கதவு. கதவைச் சாத்தினால் மூச்சுத் திணறும் என்பார். தெருவில் பாயைப் போட்டுப் படுப்பார். மழை வந்தால் எதிர்வீட்டுத் தகரத்துக்குக் கீழே குந்தவைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். நான் முதலில் கெஞ்சினேன், பிறகு திட்டினேன், பிறகு சாமியாடியிடம் திருநீறு வாங்கி வந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. என் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

வீட்டுச் சொந்தக்காரம்மா நாலு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து நின்றாள்.

"நாயி, பூனை, ஆடுன்னு இது என்ன சந்தையா? வேற எடம் பாத்துக்கோங்க தாயி."

நாயும் ஆடும் மூன்று வருஷமாக அங்கேதான் இருந்தன. தெருவில் படுத்திருக்கும் ஆம்பளையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதை வாய் திறந்து சொல்லாததற்காக இன்றைக்கும் அவள் மீது எனக்கு மரியாதை உண்டு.

கம்பெனி மூடியே கிடந்தது. முதலாளி, சம்பளத்துக்குப் பதிலாக வேனை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். செத்தவர்கள் உட்கார்ந்து வந்த வண்டியை வேறு யார் வாங்குவார்கள்? இஞ்சினும் அதற்குள் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. வெம்பக்கோட்டையிலிருந்து தெற்கே அவர் அம்மா வழியில் வந்த ஒரு துண்டுக் கரிசல்காடு இருந்தது. தை மாதம் ஒரு டிராக்டரைப் பிடித்து, வேனைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அந்தக் காட்டில் நிறுத்தினோம். சட்டிபானை, டிரங்குப் பெட்டி, பூனை எல்லாம் உள்ளே. நாய் இஞ்சின் மூடி மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, வேலைக்குப் போகிற நினைப்பில்.

அவர் செய்த முதல் வேலை, வேனின் பின்கதவைக் கழற்றிக் கீழே போட்டது. இரண்டாவது, சீட்டுகளைக் கழற்றியது. எல்லாவற்றையும் கழற்றினார். அந்த இரண்டு சீட்டுகளை மட்டும் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. நடுவில் பாய் விரித்தோம். சாத்தக் கதவு இல்லாததால் அவரும் உள்ளே படுத்தார். அந்த இரண்டில் ஒன்றில் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. அதை விரட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

வேனில் குடியிருப்பதைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. மாசி பிறந்ததும் தகரம் காய ஆரம்பித்துவிடும். பத்து மணிக்கு மேல் உள்ளே கையை வைத்தால் தோசைக்கல்தான். ஜன்னல் கண்ணாடிக்கு அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த கழிவு லேபிள் தாள்களை ஒட்டினேன். லட்சுமி படமும் கிளிப் படமும் மயில் படமுமாக வெயில் உள்ளே விழும். ஆடுகள் எட்டின வரைக்கும் அதை நக்கித் தின்றுவிடும். கரண்டுக் கம்பம் அரைக் கல் தொலைவில் இருந்தது. எழுதிக் கொடுத்தோம். கம்பம் நட வரிசை இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். வேன் பேட்டரியில் ஒரு குட்டி பல்பு எரியும். வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வெம்பக்கோட்டைக்குப் போய் சார்ஜ் போட்டுவருவார். தண்ணீர் டிராக்டர் டாங்க்கில் வரும்.

தண்ணீர் கொண்டுவருகிறவர் பக்கத்து ஊர்க்காரர். எங்களைவிட நாலைந்து வயது இளையவர். என்னை மதினி என்பார், அவரை அண்ணே என்பார். செத்தவர்கள் வந்த வண்டி என்று ஆடு மேய்க்கிறவர்கள்கூட எங்கள் காட்டைச் சுற்றிக்கொண்டு போன காலத்தில், வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்த ஒரே மனுஷர் அவர்தான். "பேயெல்லாம் வாடகை குடுக்குற வீட்லதான் மதினி இருக்கும். இங்கன அதுக்கு என்ன வரும்படி?" என்று சிரிப்பார். நாய்க்கு ஒரு வறுக்கி ரொட்டி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

பங்குனியில் கொத்தனார் வந்தார். அறுபது வயதுக்காரர், வீடுகளைவிடப் பட்டாசுக் கம்பெனி ரூம்கள் அதிகம் கட்டியவர். கரிசலில் அஸ்திவாரம் நிற்காது; மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும். இடுப்பளவு தோண்டி சரள் கொட்டி இறுக்கினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். என் வீட்டுக்காரரும் கூடவே வேலை செய்தார். வேலை நடக்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கு அதுதான் ஆசை காட்டியது. இந்த அறை எழும்பிவிட்டால், அவர் அதற்குள் வந்து படுத்துவிட்டால், எங்கள் பிழைப்பு பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். ஐப்பசி மழைக்குள் அவரை ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு அந்த வருஷம் முழுக்க வேறு வேண்டுதல் கிடையாது.

அஸ்திவாரம் முடிந்து நிலை வைக்கும் நாளில் கொத்தனார் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"நாலு பக்கமும் வைங்க" என்றார் இவர். "எல்லாம் வெளிய தொறக்குற மாதிரி இருக்கணும்."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "டிரைவரே, வீடு கட்டுறீகளா, மருந்து ரூம் கட்டுறீகளா?"

எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். வெடிமருந்து புழங்கும் ரூமுக்குப் பல பக்கமும் கதவு வேண்டும். எல்லாக் கதவும் வெளியே திறக்க வேண்டும். தள்ளிய வேகத்தில் ஆள் வெளியே விழ வேண்டும்; இழுத்துத் திறக்கிற நேரத்தில் உயிர் போய்விடும். அந்த ரூமுக்குத்தான் அது. கட்டிலும் அடுப்பும் போடுகிற வீட்டுக்கு எவன் நாலு கதவு வைப்பான்? காற்று பூந்து விளக்கு நிற்காது, பாம்பு வரும், பூட்ட முடியாது என்று நான் கத்தினேன். கொத்தனார் முன்னாலேயே கத்தினேன். இவர் வேனில் போய் ஏறிக்கொண்டார்.

பின்னாலேயே போனேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"அன்னைக்குக் காலையில அட்டைப் பெட்டிக் கட்டு லோடு நம்ம வேன்லதான் வந்துச்சு. சீசன், குடோன் ரொம்பிக் கெடந்துச்சு. போர்மேன், நெழலா பாத்து எங்கயாவது அடுக்குங்கன்னாரு. காலையில மேக்குப் பக்கந்தான நெழலு. அந்த ரூமுக்கு மேக்கால அடுக்கினேன். கதவ ஒட்டி."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

"வெளிய தொறக்குற கதவு" என்றார். "ஒரு சாண் தொறந்து இடிச்சு நின்னுருக்கு. தீப்புடிச்சு வெடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் தட்டியிருக்காக. எனக்குக் கேட்டுச்சு. நான் கம்பெனி வாசல்ல நின்னேன். எதோ தட்டுற சத்தம்னு நெனச்சேன்."

"போர்மேன் சொல்லித்தான செஞ்சீக."

"சொன்னது அவரு. அடுக்குனது நானு."

விசாரணைக்கு வந்தவர்கள் அட்டைக் கட்டைப் பற்றி அவரைக் கேட்கவில்லை. எரிந்த அட்டை சாம்பலோடு சாம்பலாகிவிட்டது. யாரும் கேட்காத ஒன்றை ஏழு மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. ஆனாலும் நாலு கதவுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் புத்தி அப்படி.

ஒரு வாரம் இழுபறியாகி, கடைசியில் இரண்டு கதவு என்று முடிவானது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நேருக்கு நேர். இரண்டும் வெளியே திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் கூடாது என்றார். சரி என்றேன். ஊருக்குப் போகும்போது பூட்ட வேண்டுமே, வெளியே நாதாங்கியாவது வேண்டும் என்றேன். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆள் இல்லாதப்ப மட்டும். உள்ள ஆள் இருக்கையில நாதாங்கியத் தொடக்கூடாது. வெளையாட்டுக்குக்கூட."

"தொடமாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சித்திரையில் சுவர் இடுப்புக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் வயதான ஓர் அம்மா வெயிலில் நடந்து வந்தாள். ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டே வருவாளே, அவளைப் பெற்றவள். அவர் பேட்டரியோடு வெம்பக்கோட்டை போயிருந்தார். அந்த அம்மா நேராக வேனில் ஏறி, மகளின் சீட்டு எது என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். பூனை அதில் படுத்திருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு பூனையை அதே இடத்தில் விட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவர் வந்ததும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை நின்றிருக்கும்.

ஆடியில் பனஞ்சட்டம் ஏற்றி ஓடு வேய்ந்தோம். காற்று மாதத்தில் கூரை வேலை செய்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். எனக்கோ மழை பயம். இரண்டு தடவை ஓடு பறந்தது. மூன்றாவது தடவை நின்றது. ஆவணியில் தரையைப் பூசி மெழுகினேன். அப்புறம் காத்திருந்தேன்.

நாய்தான் முதலில் உள்ளே போனது. சுற்றி மோந்து பார்த்து நடு அறையில் படுத்துக்கொண்டது. பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து மூலையில் போட்டது. அவர் வாசல்படி வரை வருவார். நிலையில் கையை வைத்து எட்டிப் பார்ப்பார். நாயைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். நான் அவசரப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை அடக்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு மாதம்தான்.

புரட்டாசியில் ஒரு நாள். மத்தியானச் சோறு வேனில் வைத்துச் சாப்பிட்டார். தகரம் காந்தியது. கையைக் கழுவிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராக நடந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். பாயை இரண்டு கதவுக்கும் நடுவில் விரித்தார். படுத்தார். காற்று மேற்கிலிருந்து வந்து கிழக்கே போனது. நாய் அவர் காலடியில் படுத்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் அப்படி ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே தூங்கி. நான் வேன் டயரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

தண்ணீர் டிராக்டர் வந்தது. "மெதுவா, தூங்குறாக" என்று கையைக் காட்டினேன். தண்ணீர்க்காரருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சாயந்தரம் பாயாசம் போடுங்க மதினி" என்று கிசுகிசுத்தார். குழாயைத் தொட்டிக்குள் விட்டுத் திறந்தார்.

அப்போது வெடித்தது.

எங்கள் பக்கத்துக் காது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பழகியிருக்கும். கல் குவாரி வெடி வேறு, கோயில் வேட்டு வேறு, இது வேறு. தரை முதலில் சொல்லிவிடும், பிறகுதான் சத்தம் வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பட்டாசுக் கம்பெனி, ஒரு கல் தொலைவுகூட இருக்காது, அங்கே வெள்ளைப் புகை குடை மாதிரி எழும்பியது. நாய் வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து வேனுக்கு அடியில் புகுந்துகொண்டது.

எங்கள் ஊர்களில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் எதிர்த் திசையில் ஓடமாட்டார்கள். புகையைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். பொண்டாட்டியோ மகளோ தங்கச்சியோ ஒருத்தி அதற்குள் இருப்பாள். எதிர்த் திசையில் எப்படி ஓடுவது? ஒரு ரூம் வெடித்தால் அதோடு போகாது, தீ பரவி ஸ்டாக் ரூம் வரைக்கும் போனால் அடுத்தது ஓடிவந்தவர்களை அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடுவார்கள்.

"ஐயோ மதினி, அவ அங்கதான் இருக்கா" என்றார் தண்ணீர்க்காரர். அவர் மனைவி அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாள். டாங்க்கைக் கழற்ற ஓடினார். கொக்கி இறுகிக் கிடந்தது. "அண்ணே! அண்ணே, ஒரு கை குடுங்கண்ணே!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

கிழக்குக் கதவு வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. அவர் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்தேன். இவர் போவார். போனால், முதல் ஆளாகப் போய், ஏதோ ஒரு மேற்குக் கதவைத் தேடி உள்ளேயே போய்விடுவார். திரும்பி வரமாட்டார். அது எனக்கு அந்த நொடியில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

கிழக்குக் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டேன். வீட்டைச் சுற்றி ஓடினேன். தூக்கக் கலக்கத்தில் அவர் முதலில் கிழக்குக் கதவைத்தான் தள்ளினார். அதனால்தான் மேற்குக் கதவுக்குப் போக எனக்கு நேரம் கிடைத்தது. அதையும் சாத்தினேன். நாதாங்கி புதுசு, இறுக்கமாக விழுந்தது.

அவர் தட்ட ஆரம்பித்தார்.

"ஏ புள்ள! கதவத் தெற! உள்ள ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்குல்ல, தெற!"

முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன். ஒவ்வொரு அடியும் என் முதுகெலும்பில் விழுந்தது. கிழக்குக்கும் மேற்குக்கும் மாறி மாறி ஓடுவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு வார்த்தை போய் வெறும் கத்தல் ஆனது.

தண்ணீர்க்காரர் டிராக்டரை விட்டுவிட்டு வீட்டோரமாக ஓடிவந்தார். கதவில் சாய்ந்து நிற்கும் என்னைப் பார்த்தார். உள்ளே இடிக்கிற சத்தத்தைக் கேட்டார். ஒரு நொடி நின்றார். என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு காட்டுக்குள் இறங்கி ஓடைப் பக்கம் ஓடினார். செருப்புகூட இல்லை.

"போகாதீக தம்பி, பொறுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றிருப்பாரா தெரியாது. நின்றிருக்க மாட்டார். ஆனால் நான் சொல்லவே இல்லை. என் வாய் அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை. என் ஆளை நான் பூட்டிவிட்டேன், அது போதும் என்றிருந்தது எனக்கு. அதுதான் உண்மை.

தொட்டி நிறைந்து தண்ணீர் வழிந்து, சுவரோரமாக வந்து என் காலை நனைத்தது. குழாயை மூடப் போகவில்லை. போனால் முதுகு கதவை விட்டுவிடும்.

இரண்டாவது சத்தம் கேட்டபோது புது ஓடுகள் நாலைந்து சரிந்து விழுந்தன. அதற்குப் பிறகு உள்ளே தட்டுவது நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டாங்க் காலியாகி, குழாய் காற்றை விட ஆரம்பித்த பிறகு திறந்தேன். அவர் அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம் வடிந்தது. பூனை மூலையில் குட்டிகள் மீது விழுந்து படுத்திருந்தது. நான் சேலை முந்தியைக் கிழித்துக் கையைக் கட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

தண்ணீர்க்காரர் வரவில்லை. ஓடிப்போனவர்களில் அவர் மட்டும் அந்த இரண்டாவது வெடியில் போய்விட்டார். அவருடைய மனைவியோ முதல் சத்தத்திலேயே பின்பக்கமாக ஓடி, முள்ளுக்காட்டு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊர்க்காரர்கள் வந்து டிராக்டரை எடுத்துப் போகும்வரை அது எங்கள் காட்டில்தான் நின்றது. நாய் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வறுக்கியை எதிர்பார்த்திருக்கும்.

மூன்றாம் நாள் காரியத்துக்குப் போய்வந்த பிறகுதான் அவர் என்னோடு பேசினார்.

"அவன் என்னையக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் தட்டுனது அவனுக்கும் கேட்டுருக்கும்."

"ஒங்க உசுரு எனக்கு வேணும்ல" என்றேன்.

"சத்தியம் பண்ணுன" என்றார். அதோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கம்பம் நட்டு கரண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன். நான் வீட்டில், அவர் வேனில். நாற்பதடி. சோறு கொண்டுபோய்ப் படியில் வைப்பேன், சாப்பிடுவார். என்னைத் திட்டியது கிடையாது. கல்லுடைக்கப் போவார், ஆட்டைப் பார்ப்பார், பேட்டரியைப் பழைய பழக்கத்தில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். நாய் சாயங்காலம் வரை வீட்டில் இருக்கும், இருட்டினால் வேனுக்குப் போய்விடும். தண்ணீர்க்காரர் மனைவி எங்கள் காட்டு வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். "நல்லா இருக்கீகளா" என்பாள். "வாங்க, டீ குடிங்க" என்பேன். நான் அவள் புருஷனை நிறுத்தப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

மூன்று வருஷம் கழிந்து ஓர் ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல். பின்கதவு இல்லாத வேனுக்குள் சாரல் அடித்துப் பாயெல்லாம் ஈரம். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். நான் காலைப் பிடிக்கிற பொம்பளை இல்லை.

"ஒரு தடவ வீட்டுக்கு வாங்க. நாதாங்கிய வேணும்னா பிடுங்கிப் போடுறேன்."

அவர் எழுந்தார். போர்வையைப் போர்த்திக்கொண்டு என் கூடவே நடந்து வீட்டு வாசல் வரை வந்தார். 

"நீ உள்ள போ" என்றார்.

போனேன். கிழக்குக் கதவு சாத்திக்கொண்டது. நாதாங்கி விழும் சத்தம் கேட்டது. ஈரத்தில் காலை இழுத்து இழுத்து அவர் வீட்டைச் சுற்றி நடப்பது கேட்டது. மேற்குக் கதவும் சாத்திக்கொண்டது.

எனக்கு எல்லாம் தெரியும்: இது என் வீடு, தீ இல்லை, மருந்து இல்லை, வெளியே நிற்பது என் புருஷன். பத்து எண்ணுவதற்குள் மூச்சு முட்டியது. கதவில் ஒரே ஒரு தடவை தட்டினேன்.

உடனே திறந்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டு, காய்ச்சலில் சிவந்த கண்ணோடு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"தட்டுன, தெறந்துட்டேன்" என்றார்.

பிறகு வேனைப் பார்த்து நடந்தார். நாய் எழுந்து அவர் பின்னாலேயே போனது.